பின்பாயின்டரில் தோன்றும் பொய்ச் சமிக்ஞைகள்

பின்பாயின்டர் என்பது மண்ணுக்குள் கிடக்கும் உலோகப் பொருளின் சரியான இடத்தைக் காட்ட உதவும் ஒரு கைக்கருவி ஆகும். டார்ச் விளக்கைப் போல நீண்டு, முனையில் கம்பிச்சுருள் பொதிந்த இக்கருவி, பெரிய உலோகம் கண்டறியும் கருவிக்குத் துணையாகப் பயன்படுகிறது. பெரிய கருவி "இந்த ஓரடிக்குள் ஏதோ இருக்கிறது" என்று சொல்லும். தோண்டிய குழிக்குள் அது எந்த மூலையில் இருக்கிறது என்பதைப் பின்பாயின்டர் ஒலியாலும் அதிர்வாலும் காட்டும். தேடும் பொருள் இல்லாத இடத்தில் கருவி ஒலிப்பது பொய்ச் சமிக்ஞை எனப்படுகிறது.

கடற்கரையில் கழன்று விழுந்த சங்கிலியைத் தேடுவோர், உழவுக்கு முன் வயலில் கிடக்கும் கம்பித் துண்டுகளைப் பொறுக்குவோர், பழைய மரங்களை அறுக்கும் முன் உள்ளே ஆணி இருக்கிறதா என்று பார்ப்போர் எனப் பலரும் இதைப் பயன்படுத்துகின்றனர். காரைக்கால் மாவட்டத்தின் கடலோரம் பொய்ச் சமிக்ஞைகளைப் புரிந்துகொள்ள ஏற்ற இடமாகும். திருமலைராயன்பட்டினம், போலகம் ஆகிய ஊர்களின் பக்கம் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் வயல் வண்டல், களிமண், ஆற்று மணல், உப்புநீர் ஏறிய கழிமுகச் சேறு, கடற்கரை மணல் ஆகிய அனைத்தும் மாறிமாறி வருகின்றன. ஒரே கருவி ஓரிடத்தில் அமைதியாகவும் சற்றுத் தள்ளி ஓயாத கூச்சலாகவும் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மண் மாற்றமே. கருவி பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டுவது இதனால்தான் பல நேரங்களில் தவறாகிப் போகிறது.

இயங்கும் முறை

முனையில் உள்ள கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது அதைச் சுற்றி மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. பரவலாக விற்கப்படும் பல கருவிகளில் இதன் அதிர்வெண் 12 கிலோஹெர்ட்ஸை ஒட்டி அமைகிறது. அப்புலத்துக்குள் உலோகம் வந்தால் அதன் மேற்பரப்பில் சுழிமின்னோட்டம் தோன்றி, எதிர்ப்புலம் ஒன்றை உண்டாக்கும். கருவி அந்தச் சிறு மாற்றத்தை அளந்து ஒலி எழுப்பும். சில கருவிகள் தொடர் மின்னோட்டத்துக்குப் பதிலாகத் துடிப்புகளை அனுப்பி, துடிப்பு நின்றபின் எஞ்சும் புலத்தை அளக்கின்றன.

இங்கே இரண்டு செய்திகள் முக்கியமானவை. முதலாவது, கருவிக்குத் தங்கம், இரும்பு என்று பெயர் தெரியாது. மின்சாரத்தைக் கடத்தும் எதுவும், காந்தத் தன்மை கொண்ட எதுவும் அதன் புலத்தை மாற்றும். அந்த மாற்றம் ஓர் அளவைத் தாண்டினால் அது ஒலிக்கும். பொய்ச் சமிக்ஞை எனப்படுவதில் பெரும்பகுதி, தேடாத ஒரு பொருளிலிருந்து வரும் மெய்ச் சமிக்ஞைதான்.

இரண்டாவது, தொலைவு. சுருளின் அளவைவிடத் தள்ளியிருக்கும் ஒரு சிறு பொருளின் தொலைவு இரட்டிப்பானால், அதிலிருந்து திரும்பும் சமிக்ஞை ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒரு நாணயத்தைப் பின்பாயின்டர் பொதுவாக 5 முதல் 8 செ.மீ. தொலைவில்தான் உணரும். ஆகவே முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு பிடி ஈர மணல், நான்கு விரற்கடை ஆழத்தில் கிடக்கும் மோதிரத்தைவிட உரக்கப் பேச முடியும்.

பெல்லின் தேடல்

இக்கருவியின் மூதாதையே ஒரு பொய்ச் சமிக்ஞையால்தான் பெயர் பெற்றது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டு எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாந்தர் கிரகாம் பெல், கம்பிச்சுருள்களையும் தொலைபேசிக் கேட்புக் குழலையும் இணைத்து ஒரு கருவி செய்து, ஜூலை 26 அன்றும் ஆகஸ்ட் 1 அன்றும் கார்ஃபீல்டின் உடல் மீது அதைக் கொண்டு தேடினார்.

முதல் முறை, இணைப்பில் நேர்ந்த பிழையால் கருவி இரைந்தது. இரண்டாம் முறை கருவி சரியாகவே இருந்தது. ஆனால் ஒரு புள்ளியில் கேட்கவேண்டிய ஒலி, உடலின் பரந்த பகுதி முழுவதும் மெல்லக் கேட்டது. படுக்கைக்குக் கீழே எஃகுக் கம்பிகளால் ஆன இன்னொரு மெத்தை இருந்தது பிறகே பெல்லுக்குத் தெரியவந்தது. போதாததற்கு, குண்டு வலப்புறம் இருப்பதாக நம்பிய தலைமை மருத்துவர் அந்தப் பக்கத்தை மட்டுமே தேட இசைந்தார். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தபின் நடந்த உடற்கூறாய்வில் குண்டு இடப்பக்கத்தில் ஆழமாகக் கிடந்தது தெரிந்தது.

இன்று வீட்டில் அமர்ந்து பின்பாயின்டரைச் சோதிப்பவர்களும் பெல்லின் இடத்தில்தான் இருக்கின்றனர். இரும்புக் கட்டில், பீரோ, சிமெண்ட் தரைக்குள் கட்டிய கம்பி, மேசையில் அறைந்த ஆணி ஆகியவை அருகிலிருக்க, கருவி தானாக அலறுகிறது என்று குறைபட்டுக்கொள்வது வழக்கம்.

கருவியை முதலில் தனித்துப் பார்த்தல்

காரணத்தைக் கண்டறியச் சிறந்த வழி, மண்ணை விட்டு விலகிக் கருவியிலிருந்து தொடங்குவதாகும். கட்டடத்தை விட்டு வெளியே வந்து, கைப்பேசியை அணைத்துத் தள்ளி வைத்து, பெரிய கருவியையும் அணைத்துவிட்டு, முனையை வானம் பார்க்கப் பிடித்து இயக்க வேண்டும். அந்நிலையில் ஒரு நிமிடம் அமைதியாக இருந்தால் கருவியின் உள்ளுறுப்புகள் பெரும்பாலும் நன்றாக உள்ளன என்று கொள்ளலாம்.

பிறகு உறையை மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். முனையைக் காய்ந்த மரத்தின் மீது தட்டவும் வேண்டும். தென்னை மரம் இதற்குப் போதும், ஆணி அடிக்காத மரமாக இருந்தால் சரி. தட்டும்போது மட்டும் ஒலித்தால் உள்ளே சுருளைப் பிடித்திருக்கும் பசை விட்டுப்போயிருக்கலாம், அல்லது பற்றவைப்பு தளர்ந்திருக்கலாம். உணர்திறனை உச்சத்தில் வைத்தால் நல்ல கருவியும் பலமான தட்டலுக்கு ஒருமுறை சிணுங்கும். மெல்லத் தொட்டாலே தொடர்ந்து ஒலிப்பதுதான் பழுதின் அடையாளம்.

முனையில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் ஈரம் உள்ளே புகுந்துவிடும். இப்படிப்பட்ட கருவி காலையில் நன்றாக இருந்து, ஒரு மணி நேரம் ஈர மண்ணில் வேலை செய்தபின் இரையத் தொடங்கும். அன்றிரவு உலர்ந்தபின் மறுபடி நன்றாகிவிடும். இந்த வந்துபோகும் தன்மையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வெளியில் பசை பூசுவதால் உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறாது. உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் திருப்பி அனுப்புவதே நல்லது.

பேட்டரி பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. மின்னழுத்தம் குறைந்தால் கருவி தன் நடுநிலையை இழந்து விட்டுவிட்டு ஒலிக்கும். கடற்காற்றில் தொடுமுனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும் களிம்பும் அதையே செய்யும். புதிய பேட்டரி போட்டும் சிக்கல் தீராவிட்டால் தொடுமுனைகளைச் சுரண்டித் துடைத்துப் பார்க்க வேண்டும். 9 வோல்ட் அளவில் விற்கும் மீள்மின்னேற்ற பேட்டரிகள் சிலவற்றின் உண்மையான அழுத்தம் அதைவிடக் குறைவாக இருப்பதால், அவை சீக்கிரமே எச்சரிக்கை ஒலியைக் கிளப்பும். அந்த ஒலியை உலோகச் சமிக்ஞை என்று எடுத்துக்கொண்டு குழி தோண்டியவர்களும் உண்டு.

வெயிலும் ஒரு காரணம். சுருளின் நடுவே இருக்கும் ஃபெரைட் தண்டின் காந்த இயல்பு வெப்பத்தோடு மாறக்கூடியது. குளிரூட்டிய காரிலிருந்து எடுத்த கருவியைச் சித்திரை மாதத்து மணலில் செருகினால், முதல் சில நிமிடங்கள் அது நிலைகொள்ளாமல் இருக்கும். சற்று நேரம் நிழலில் திறந்து வைத்து, அணைத்து மீண்டும் இயக்கினால் போதும்.

உடலில் உள்ளவையும் அருகில் உள்ளவையும்

குழியருகே மண்டியிட்டு அமர்பவரின் உடலிலேயே உலோகம் இருக்கிறது. காப்பு, வளையல், கைக்கடிகாரம், இடைவார்க் கொக்கி, கால்மெட்டி, வெள்ளி அரைஞாண் ஆகிய எதுவும் முனைக்கு அருகே வந்தால் சமிக்ஞை தரும். மோதிரம் அணிந்த கையால் கருவியைப் பிடிப்பதில் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. அது முனையிலிருந்து தள்ளியே இருக்கிறது. அதே கையால் குழியின் மண்ணை விலக்கிக்கொண்டே மற்றக் கையால் முனையை நீட்டும்போதுதான் ஒலி எழும். குழியோரம் படுத்திருக்கும் மண்வெட்டியும் களைக்கொத்தியும் இதே கதைதான்.

அடுத்து பெரிய கருவி. அதை அணைக்காமல் பக்கத்தில் கிடத்திவிட்டுப் பின்பாயின்டரை இயக்கினால், இரண்டின் அதிர்வெண்களும் நெருங்கி இருக்கும்போது ஒன்றை ஒன்று குழப்பும். அப்போது எழும் ஒலி முனையை அசைக்காமல் வைத்திருந்தாலும் ஏறி இறங்கும். பெரிய கருவியின் வட்டை வேறு பக்கம் திருப்பி வைத்தாலோ, சில அடிகள் தள்ளி வைத்தாலோ தீர்ந்துவிடும். சில கருவிகளில் அதிர்வெண்ணைச் சற்றே மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. இரைச்சல் அப்படியும் அடங்காவிட்டால் வயலோரத்து மோட்டார் கொட்டகை, மின்வேலி, தலைக்கு மேலே செல்லும் மின்கம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நூறு அடி நடந்துபோய்க் கேட்டாலே விடை கிடைக்கும். இடம் மாறியதும் மறைந்தால் குறை காற்றில் இருக்கிறது, கருவியில் இல்லை.

உப்பும் கருமணலும்

கருவியும் கையும் சுத்தம் என்று உறுதியானபின் மண்ணைப் பார்க்கலாம். காரைக்கால் கடலோரத்தில் முதல் சந்தேகம் உப்புநீர் மீது விழவேண்டும். கடல்நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு ஏறத்தாழ 5 சீமென்ஸ். செம்பு அதைப்போல ஒரு கோடி மடங்குக்கு மேல் கடத்தும். இந்த ஒப்பீட்டில் கடல்நீர் ஒன்றுமில்லைதான். ஆனால் செம்புக் காசு ஒரு மூலையில் கிடக்கிறது, உப்புநீரோ முனையை எல்லாப் பக்கமும் சூழ்ந்து தொட்டுக்கொண்டிருக்கிறது. காற்றில் அமைதியாக இருந்த கருவி, அலை நனைத்த மணலில் முனை பட்டதும் ஒலிப்பதும், எடுத்ததும் நிற்பதும் இதனால்தான். நன்னீர் பாய்ந்த நெல்வயல் சேற்றில் இவ்வளவு தொல்லை இருக்காது. அரசலாற்றின் முகத்துவாரம் போல ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இடங்களில் ஓதம் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் பொறுத்து ஒரே இடம் இருவிதமாக நடந்துகொள்ளும். உப்புநீரின் சமிக்ஞை மிக விரைவில் தேய்ந்துபோவதால், துடிப்பு முறையில் இயங்கும் கருவிகள் கடற்கரையில் ஓரளவு மேலானவை.

அடுத்தது கருமணல். தமிழகக் கடற்கரை நெடுகிலும் இல்மனைட், கார்னெட், சிர்க்கான், மாக்னடைட் முதலிய கனமான தாதுக்கள் வெண்மணலோடு கலந்துள்ளன. வடகிழக்குப் பருவமழைக் காலத்துச் சீற்றமான அலைகள் இலேசான வெண்மணலை அரித்துச் செல்ல, கனமானவை கறுப்புப் பட்டைகளாகத் தங்கிவிடும். ஆடியில் அமைதியாக இருந்த அதே கரை கார்த்திகையில் கூச்சலிடுவது இப்படித்தான். கறுப்பாக இருப்பதெல்லாம் சிக்கல் தருவதில்லை. கார்னெட்டும் சிர்க்கானும் பெரிதாகப் பேசமாட்டா; இல்மனைட்டின் காந்தத் தன்மை குறைவு; வலுவான காந்தத் தன்மை கொண்ட மாக்னடைட்தான் முதன்மைக் குற்றவாளி. பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மணலில் இழுத்தால், மாக்னடைட் மீசை முடிபோலப் பையில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டுகிறது என்பதே அந்த இடம் எவ்வளவு தொல்லை தரும் என்பதற்கு நல்ல அளவுகோல்.

உப்பா, கருமணலா, உள்ளே கிடக்கும் உலோகமா என்று பிரித்தறிய ஒரு வாளி போதும். அந்த இடத்து மணலை ஒரு பிளாஸ்டிக் வாளியில் அள்ளி, விரல்களால் அளைந்து உலோகத் துண்டு ஏதுமில்லை என்று பார்த்துக்கொண்டு, முனையைச் செருக வேண்டும். பிளாஸ்டிக் வாளிகளின் கைப்பிடி பெரும்பாலும் இரும்புக் கம்பி என்பதால் முதலில் அதைக் கழற்றிவிட வேண்டும். வாளி மணலும் ஒலித்தால் காரணம் மண்ணேதான். அம்மணலை நன்னீரில் இரண்டு முறை அலசி மீண்டும் செருகினால், ஒலி நின்றுவிட்டால் உப்பு, தொடர்ந்தால் தாது.

மண்ணைச் சார்ந்த இன்னொரு காரணம் பலரும் எதிர்பாராதது: சுட்ட மண். களிமண்ணில் இயல்பாக உள்ள இரும்புச் சேர்மங்கள் சூளையின் வெப்பத்தில் காந்தத் தன்மை மிகுந்த ஆக்சைடுகளாக மாறுகின்றன. செங்கல் துண்டு, ஓட்டுச் சில்லு, பானையோடு, பழைய அடுப்பு இருந்த இடம் ஆகியவை மெல்லிய சமிக்ஞை தருவதற்கு இதுவே காரணம். தொல்லியலாளர்கள் மண்ணுக்குள் புதைந்த சூளைகளைக் காந்தமானி கொண்டு தேடுவதும் இதே பண்பை நம்பித்தான். வயலில் கருவி ஒலித்த இடத்தில் ஒரு பானையோட்டைத் தவிர ஒன்றுமில்லை என்றால், அந்த ஓட்டை முனைக்கு முன்னால் காட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவற்றோடு உண்மையான உலோகக் குப்பையும் இருக்கிறது. மீன்வலையின் ஈயக்குண்டு, படகு ஆணி, சோடா மூடி, மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள் ஆகியவை கடற்கரை மணலில் சாதாரணம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையோரத்தில் வீடுகளையும் படகுகளையும் உடைத்து வாரியிறைத்தது. உப்பு மணலில் பல ஆண்டுகள் கிடந்த இரும்பு ஆணி தொட்டதும் உதிர்ந்துவிடும். ஆணியை எடுத்தபிறகும் குழியின் சுவரில் படிந்த துருச் செதில்கள் ஒலித்துக்கொண்டே இருக்கும். எடுத்த மண்ணையும் குழியையும் தனித்தனியே சோதிக்காதவர்கள் இதில் நெடுநேரம் ஏமாறுவர்.

ஒலியின் குணத்தைக் கேட்டல்

அனுபவமுள்ளவர்கள் ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் பாதி விடையைச் சொல்லிவிடுவர். சிறு உலோகத்தின் ஒலி ஒரு புள்ளியில் உச்சம் பெறும். எந்தப் பக்கத்திலிருந்து நெருங்கினாலும் அதே புள்ளியில்தான் உச்சம் வரும். மண்ணின் ஒலிக்கு உச்சம் கிடையாது. குழியின் சுவர் முழுவதும் ஒரே அளவாகக் கேட்கும், முனையை அழுத்தினால் ஏறும், விரல் அகலம் விலக்கினால் அடங்கும். மின் இடையூற்றின் ஒலி கை அசைவைப் பொருட்படுத்தாமல் துடிக்கும். பழுதான கருவியின் ஒலி இடத்தைச் சாராமல் பிடியையும் சாய்வையும் சார்ந்திருக்கும். பெல் கேட்டது உச்சமில்லாத, பரந்த ஒலி. அது குண்டின் ஒலியாக இருக்க முடியாது என்பதை அதன் பரப்பே சொல்லியிருந்தது.

உணர்திறனைக் குறைப்பதன் விலை

ஈர மணலில் கருவி ஒலித்தால் உணர்திறனை ஒரு படி இறக்கும்படியே பெரும்பாலான கையேடுகள் கூறுகின்றன. இது வேலை செய்யும். ஆனால் கருவி எதைக் கேட்காமல் விடுகிறது என்பதும் அதோடு மாறிவிடுகிறது. கடற்கரையில் தேடப்படுவது பெரும்பாலும் தங்கச் சங்கிலி. சங்கிலி எடையில் மோதிரத்தைவிடக் கூடுதலாக இருந்தாலும் கருவிக்கு அது ஒரே பொருளாகத் தெரிவதில்லை. கண்ணிகளுக்கு இடையே மின்தொடர்பு சரியாக இல்லாததால் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே சிறு சமிக்ஞை தருகிறது. மெல்லிய தாலிச்சங்கிலியைவிட ஒரு சாதாரண நாணயம் உரக்க ஒலிப்பது இதனாலேயே. மணலின் இரைச்சலை அடக்க இரண்டு படி இறக்கியவர், சங்கிலியின் மீதே முனையை வைத்தாலொழிய அதைக் காணமாட்டார்.

எனவே உணர்திறனில் கை வைக்குமுன் மண்ணைப் பழக்கிக்கொள்ளும் வசதியை முயலலாம். காரெட் புரோ-பாயின்டர் ஏடி போன்ற கருவிகளில் பொத்தானை ஒருமுறை சட்டென அழுத்தினால், முனை அப்போது இருக்கும் சூழலையே புதிய சுழியமாக எடுத்துக்கொள்ளும். தேடும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, உலோகம் இல்லை என்று தெரிந்த அதே ஈர மணலில் முனையை வைத்து இதைச் செய்ய வேண்டும். குழிக்குள் செய்தால் ஆபத்து. அங்கே கிடக்கும் பொருளையும் சேர்த்துச் சுழியமாக்கிவிடும். பிறகு அதைப் பற்றிக் கருவி வாய் திறக்காது. இரும்பு மண்வெட்டியை ஒட்டி வைத்தபடி இயக்கத் தொடங்கினாலும் இதே நிலைதான். பொய்ச் சமிக்ஞை பற்றிப் புகார் சொல்பவர்கள் அதிகம். இந்தப் பொய் மௌனத்தைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு, அது நேர்ந்ததே அவர்களுக்குத் தெரிவதில்லை.

எந்த மாற்றம் செய்தாலும் தேடும் பொருளைப் போன்ற ஒன்றைக் கொண்டு சோதிப்பதே பாதுகாப்பு. ஒரு ரூபாய் நாணயம் இதற்கு ஏற்றதல்ல. அது காந்தத்தில் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகு, அதன் நடத்தை தங்கத்தைப் போன்றதன்று. வீட்டிலுள்ள இன்னொரு மெல்லிய சங்கிலியை நூலில் கட்டி, அதே மணலில் இரண்டு விரற்கடை ஆழத்தில் புதைத்து, கருவி கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேடத் தொடங்கலாம். நூலைக் கட்ட மறந்தால் தேடவேண்டியவை இரண்டாகிவிடும்.

வட இலங்கையின் கண்ணிவெடி நிலங்கள்

காரைக்கால் கரையில் ஒரு பொய்ச் சமிக்ஞையின் விலை அரைமணி நேர உழைப்பு, ஒரு பொய் மௌனத்தின் விலை ஒரு நகை. பாக்கு நீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் இதே இரண்டு பிழைகளுக்கும் விலை வேறு. முகமாலை, கிளாலி, நாகர்கோவில் ஆகிய இடங்களைத் தொட்டுச் சென்ற போர்முனையில் பல ஆண்டுகளாகக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. 2009 மே மாதம் போர் முடிந்தபின்னும் அவற்றை அகற்றும் பணி தொடர்ந்தது. இலங்கை இராணுவத்தின் பிரிவோடு ஹலோ டிரஸ்ட், மேக் ஆகிய பன்னாட்டு அமைப்புகளும் டாஷ், ஷார்ப் ஆகிய உள்நாட்டு அமைப்புகளும் இதில் ஈடுபட்டன. பணியாளர்களில் கணிசமானோர் போரால் பாதிக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது.

அங்கே புதைக்கப்பட்ட மிதிவெடிகளில் பல பிளாஸ்டிக் உடல் கொண்டவை. உள்ளே இருக்கும் உலோகம் ஓர் ஊசி, ஒரு சிறு ஸ்பிரிங் அளவுதான். அவற்றைக் கேட்கக் கருவியின் உணர்திறன் உயர்வாக இருக்க வேண்டும். உயர்வாக வைத்தால் போர்முனை முழுவதும் சிதறிய தோட்டா உறை, குண்டுச் சில்லு, முள்கம்பித் துண்டு அனைத்தும் ஒலிக்கும். ஒரு வெடியைக் கண்டெடுப்பதற்குள் நூற்றுக்கணக்கான பொய்ச் சமிக்ஞைகளைத் தோண்டிப் பார்க்க நேரிடுவது இத்தொழிலில் வழக்கமான செய்தி. இருந்தும் எந்த ஒலியையும் "குப்பையாக இருக்கும்" என்று கடந்துபோக அனுமதி இல்லை. ஒலித்த இடத்தைக் குறித்து, சற்றுத் தள்ளியிருந்து பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டி நெருங்கி, காரணத்தைக் கண்ணால் பார்த்து, எடுத்தபின் அதே இடத்தை மீண்டும் கருவியால் சோதித்தபிறகே அடுத்த அடி எடுத்து வைப்பர். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன், தெரிந்த ஆழத்தில் வைத்த சோதனைத் துண்டைக் கருவி கேட்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். கருவிகள் ஒன்றையொன்று குழப்பாதபடி பணியாளர்களிடையே இடைவெளி விடப்படும்.

மண்ணின் குறுக்கீடும் அங்கே கணக்கில் வருகிறது. குடாநாட்டின் ஒரு பகுதி சுண்ணாம்புப் பாறை மீது படிந்த செம்மண், கரையோரமும் களப்புகளும் உப்பு ஏறியவை. செம்மண்ணின் நிறத்துக்குக் காரணம் இரும்பு ஆக்சைடுகள். நிறம் மட்டும் கருவியைக் குழப்புவதில்லை, அதற்குள் மிக நுண்ணிய மேக்கமைட் துகள்கள் எவ்வளவு என்பதே முக்கியம். கண்ணிவெடிக் கருவிகளை இத்தகைய மண்ணில் எப்படிச் சோதிப்பது என்பதற்கு ஐரோப்பியத் தர நிர்ணயக் குழு 2003-இல் ஒரு பொது நெறிமுறையை வெளியிட்டது. காற்றில் எட்டும் ஆழம் ஒன்று, மண்ணில் எட்டும் ஆழம் வேறொன்று என்பது அதில் தனித்தனியாக அளக்கப்படுகிறது.

கருவியை நம்பவே முடியாத அளவுக்கு உலோகம் மண்டிய நிலங்களில் இலங்கைப் பணியாளர்கள் வேறு வழிக்குப் போயினர். நீண்ட காம்பு கொண்ட வாரிகளால் மேல்மண்ணை, குறிக்கப்பட்ட ஆழம் வரை, அங்குலம் அங்குலமாக வாரி எடுத்து வெடிகளைக் கண்ணால் கண்டுபிடிக்கும் முறை அது. மெதுவானது, உடலை வாட்டுவது. ஆனால் பொய்ச் சமிக்ஞை என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. கடையில் விற்கும் பின்பாயின்டரை இந்நிலங்களில் யாரும் பயன்படுத்தக் கூடாது. முனையை மண்ணில் குத்திப் பார்ப்பதே அதன் இயல்பு.

சட்டம்

பொய்ச் சமிக்ஞைகளைக் கழித்துக் கழித்து, கடைசியில் நின்ற ஒலி வேறொருவரின் பழம்பொருளாகவும் இருக்கலாம். காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடிக் கரையில், 1620 முதல் 1845 வரை அங்கிருந்த டேனியர் காலத்து நாணயங்கள் அலையில் ஒதுங்குவதுண்டு. இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் அதன் தன்மை, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை எழுத்து மூலம் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் தலங்களில் அனுமதியின்றி அகழ்வது குற்றம். 1878-இல் குறித்த அந்தப் பத்து ரூபாய் வரம்புக்குள் இன்று ஒரு வெள்ளிக் காசுகூட அடங்காது.